தூக்குக்குப் பிறகு நடந்த கொலை

சாந்த்ராகாச்சி,
12.8.1998

மதிப்புக்குரிய கோவிந்தராஜன் மாமாவுக்கு, மருமகன் ராகவ் வணங்கி எழுதுவது. ரயில்வே குவார்ட்டர்ஸில் வங்காளத்துக் கொசு உட்பட அனைவரும் நலம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் டூரிங் டாக்கீஸை மூடியபோது எங்கள் வீட்டில் போட்டுவைத்த 'மூன்றாவது கைரேகை' படப்பெட்டியை விற்கச் சொன்னீர்கள். லேக் மார்க்கெட் சந்தானம் சார் பழைய துப்பறியும் படங்களைச் சேர்ப்பவர். பெட்டியைத் திறந்ததும் கண் கலங்கினார். வேறு பிரதியே கிடையாதாம்.

"வாங்கி என்ன சார் செய்வீங்க?"

"பூட்டி வெப்பேன். நாலு பேர் பார்த்துட்டா அப்புறம் அதுல என்னப்பா இருக்கு?"

எனக்கு எரிந்தது. பஞ்சத்தில் அரிசியைப் பதுக்குகிறவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? கொடுப்பதற்கு முன் காலனிக்கு ஒருமுறை காட்டிவிடலாம் என்று சனிக்கிழமை எங்கள் கிளப்பான ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் புரொஜெக்டருக்கு எதிரே வேட்டியைத் திரையாகக் கட்டினேன், டப்பாக்களில் இருந்த நம்பரெல்லாம் துருவில் போயிருந்ததால் கடைசி ரீல் முதலில் ஏறிவிட்டது, எடுத்த எடுப்பில் கதாநாயகனைத் தூக்கில் போட்டுவிட்டார்கள், அடுத்த ரீலில் அவன் டிபன் கேரியரோடு மில்லுக்குப் போகிறான், அவன் கையால் சாக வேண்டிய முதலாளி வாசலில் நின்று சுருட்டுப் பிடிக்கிறார், எனக்கு வியர்த்துக் கொட்டி மெஷினை நிறுத்தப் போனால் கலியன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். யார்டில் சுமை தூக்கும் காண்டிராக்ட் கலாசி, போன மாதம் காரணம் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்.

"ஓடட்டும் தம்பி. சரியாத்தான் எடுத்திருக்கான். நமக்கு எப்பவும் தண்டனைதான் முதல்ல. விசாரணையெல்லாம் பின்னாலதான்."

"பேசாம பாருங்க, அந்தாளு இன்னும் கொலையே பண்ணல" என்றாள் அவர் மனைவி லதா.

பௌதி என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு அண்ணி வங்காளத்தில் கேட்டாள்: "தூக்குல போட்டும் மறுநாள் டூட்டிக்குப் போறானே, பாவம், ரயில்வே ஆளா?"

கூரை இடிகிற மாதிரி சிரிப்பு. பெட்டியை எடுத்துப்போக வந்த சந்தானம் சார் கடைசிவரை பின்னால் நின்று பார்த்துவிட்டு, வெறுங்கையோடு போனார். கோபமாக இருக்கும். இருக்கட்டும். மாமா, படத்தை விற்க வேண்டாம். இன்ஸ்டிட்யூட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். பீரோவுக்குள் கிடந்தால் அது படமில்லை, பிணம்.

அத்தைக்கு என் வணக்கம். திட்டுவதானாலும் உடனே பதில் போடவும்.

பணிவுள்ள,
ராகவ்

பி.கு.: சந்தானம் சாரைத் திட்டிய வரிகளை அடித்துவிடுங்கள். இப்போதுதான் டாக்ஸியில் வந்து இறங்கினார், பின்சீட் முழுக்க அவருடைய படப்பெட்டிகள். "இத்தனை வருஷமா தனியாவே பார்த்துட்டேன்பா. பக்கத்துல சிரிக்க ஒரு ஆளில்லை" என்கிறார். இந்தச் சனிக்கிழமை அவர் படம். எந்த ரீல் முதலில் என்று கேட்டால் மட்டும் சிரிக்கிறார், சொல்ல மாட்டேன் என்கிறார்.