முன்னாடி போ, லீவன்!

ட்ரீஸ் சைக்கிளை ஓரங்கட்டிக் கையைத் தூக்கியதை, சர்க்கரைக்கிழங்கு வயலைச் சுற்றி வளையும் சாலையில் வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்த லீவன் திரும்பிப் பார்த்துத் தொலைத்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது லீவன், சைக்கிள் பந்தயக் கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னால் போன ஐந்து பேரில் ஒருவன். அவனுக்கே நம்ப முடியவில்லை. அணியில் அவன் வேலை ஜெயிப்பது அல்ல. பின்னால் வரும் அணிக் காரில் தண்ணீர் பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வருவது. எதிர்க்காற்றைத் தன் நெஞ்சில் வாங்கி, அணித் தலைவன் ட்ரீஸைத் தன் முதுகு மறைவில் கூட்டிப்போவது. இன்றோடு அதுவும் முடிகிறது. சொந்த ஊர்த் திருவிழாப் பந்தயத்தோடு ஓய்வு. நாளை முதல் மனைவி அன்னெமியின் உருளைக்கிழங்கு வறுவல் கடை.

லீவன் பிரேக் போட்டு நின்றான். மற்ற நால்வரும், "யோவ், என்னய்யா ஆச்சு?" என்று கத்திக்கொண்டே போனார்கள்.

ட்ரீஸ் வந்து சேர்ந்தபோது அவன் முகம் வெளிறியிருந்தது.

"அண்ணே, நீங்க ஏன் நின்னீங்க?"

"உன் டயர்ல காத்துப் போச்சேன்னுதான்."

"அதான் மாத்தியாச்சுல்ல! நீங்க கிளம்புங்க. எனக்கு வயிறும் சரியில்ல, நான் இறங்கிக்கிறேன்."

"இறங்குறியா? நான் உயிரோட இருக்கும்போதா?"

லீவன் சும்மா சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு மலை இறக்கத்தில் விழுந்து அவன் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டான். அணி அவனைக் கழற்றிவிடப் பார்த்தது. "அவர் இல்லாத அணியில நானும் இல்ல" என்று முதலாளிக்கு எதிரே எழுந்து நின்றவன் இந்த ட்ரீஸ். அந்த ஒரு வார்த்தையில்தான் அன்னெமியின் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதற்குக் கைமாறாக ஒரே ஒரு வெற்றி. அதையும் தன் ஊர்க்காரர்கள் கண்ணெதிரே அவன் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று லீவன் காலையிலேயே முடிவு செய்திருந்தான்.

"என் முதுகுக்குப் பின்னாடி ஒட்டிக்கோ. வயித்துக்கு மருந்து வாங்கிட்டு வர்றேன்."

அவன் காரருகே பின்தங்கினான். ஓட்டிக்கொண்டிருந்த பயிற்சியாளர் பார்ட், ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டார்.

"இங்க என்னடா பண்ற? முன்னாடி போ, லீவன்! முன்னாடி போ! இன்னைக்கு நீதான்..."

மீதியைப் பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிளின் இரைச்சல் விழுங்கிவிட்டது.

"நான்தான் கூட்டிட்டுப் போகணும், தெரியும் சார்!" என்று லீவன் கட்டைவிரலை உயர்த்தினான். பின் சீட்டில் இருந்த மெக்கானிக் நெலெ இஞ்சித் தண்ணீரை நீட்டினாள். அவள் ஏன் நெற்றியில் அடித்துக்கொண்டாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

ட்ரீஸ் இஞ்சித் தண்ணீரை மறுத்தான். லீவன் விடவில்லை, சின்னப் பிள்ளைக்குப் புகட்டுவதுபோல் ஓட்டியபடியே புகட்டினான்.

"இப்ப எப்படியிருக்கு?"

"மோசமா இருக்கு."

"அப்ப இன்னொரு மடக்கு."

"ஐயோ, சரியாயிடுச்சுண்ணே!"

கல் பாவிய தெருக்களில் லீவன் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓட்டினான். ட்ரீஸ் வேகம் குறைத்தால் இவன் பின்னால் போய் முதுகில் கைவைத்துத் தள்ளினான். ஊர்ப் பந்தயம், நடுவர்கள் கண்டுகொள்ளவில்லை. பெருங்கூட்டமும் ஏனோ அவர்களை முந்தாமல் பின்னாலேயே வந்தது. முன்னால் போன நால்வரும் மாதா கோயில் திருப்பத்தில் ஊர்வலம் போவதுபோல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா? செத்துட்டானுங்க! அதிர்ஷ்டம் நம்ம பக்கம்டா தம்பி!"

ட்ரீஸின் கண்ணில் நீர் முட்டியது. உருகிவிட்டான் பாவம் என்று லீவன் நினைத்துக்கொண்டான்.

கடைசித் தெரு. இரண்டு பக்கமும் பீர் கூடாரங்கள், வறுவல் வாசனை, ஊரே தொண்டை கிழியக் கத்தியது. நால்வரையும் தாண்டி இருவரும் எல்லைக்கோட்டை நெருங்கினார்கள். திடீரென்று ட்ரீஸ் பிரேக் பிடித்தான்.

"நீங்க முதல்ல போங்கண்ணே!"

"டேய், வெளையாடாதே!" லீவனும் பிரேக் பிடித்தான்.

"காலைப் புடிச்சுக் கேக்குறேன், போங்க!"

"உனக்கு நன்றி சொல்ல எனக்கு வேற நாள் கிடையாதுடா!"

சைக்கிள்கள் இரண்டும் நின்றே விடும் போலத் தள்ளாடின. பின்னால் வந்த நால்வரும், என்ன காரணமோ, அவர்களும் பிரேக் பிடித்தார்கள். லீவன் மூச்சை இழுத்து, தன்னிடம் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கையில் திரட்டி, ட்ரீஸின் முதுகில் ஒரு தள்ளு தள்ளினான்.

ட்ரீஸ் கோட்டைத் தாண்டினான். அரைச் சக்கரம் பின்னால் லீவன்.

வெற்றிக்காக வாசிக்கத் தொடங்கிய வாத்தியக்காரர்கள் எடுத்த எடுப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்னெமி தலையில் கைவைத்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். ட்ரீஸ் மட்டும் லீவனைக் கட்டிக்கொண்டு அழுதான். நடுநடுவே அவன் முதுகில் குத்தவும் செய்தான்.

லீவனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. கார் வந்து நின்றதும் நெலெயிடம் ஓடினான்.

"ஜெயிக்க வச்சுட்டேன் நெலெ! ஆனா ஏன் ஒருத்தரும் கை தட்டல?"

நெலெ அவன் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினாள்.

"யோவ், இத்தனை வருஷம் எல்லாருக்கும் நீ ஒழைச்சதுக்கு நன்றியா, மத்த அணிக்காரங்களும் சேர்ந்து இன்னைக்கு உன்னை ஜெயிக்க வைக்கப் பாத்தாங்க. அத்தனை பேரையும் ஒத்த ஆளா நின்னு தோக்கடிச்சுட்டு வந்திருக்கியே!"