நூல் பிடித்து நட்ட ஆமைகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தள்ளிவைத்தவன் நான். (பள்ளிக்கூடம்தான் என்னைத் தள்ளிவைத்தது என்பாள் என் மனைவி.) ஆனாலும் முப்பது வயதுக்குள் மலைநாட்டு ராகலையில் சொந்த லொறி வாங்கி, கொழும்புக்கு மரக்கறி ஏற்றினேன். கையில் கொஞ்சம் காசும் ஊரில் கொஞ்சம் பேரும் வந்துவிட்டால், மனிதனுக்குத் தெரியாத வேலை என்று ஒன்றும் இருக்காது. எனக்குக் கடல் ஆமைகூடத் தெரிந்திருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் மாதா கோயில் இளைஞர்களை ரோசலின் டீச்சர் விடுமுறையில் தென்கரைக்கு அழைத்துப்போனார். சம்பளமில்லாத வேலை. விடிந்ததும் கடற்கரையில் நடந்து, ஆமை ஏறிய தடம், கரை ஒதுங்கிய பறவை, அலை எதுவரை வந்தது என எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். ஆமை முட்டையிட்ட குழிக்குப் பக்கத்தில் குச்சி நடவேண்டும். குச்சி நிற்கும் இடத்தில் வள்ளத்தை இழுப்பதில்லை என்று அந்த ஊர் மீனவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அக்கறை ஆமைமேல் இல்லை, டீச்சர்மேல். அவரோ வாய் நிறைய "அண்ணே" என்பார். இந்தப் பயணத்திலாவது அதை மாற்றிவிடவேண்டும் என்று எல்லாரையும் என் லொறியிலேயே ஏற்றிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பூசைக்குப் போக, கரைக்கு நான் பொறுப்பு. பார்த்தால், குச்சிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கோணல்மாணலாக நிற்கின்றன! சின்ன வயதில் தோட்டத்தில் தேயிலைக்கன்று நட, நூல் பிடித்துக் குச்சி அடித்தவன் நான். விரலளவு விலகினாலும் கங்காணி காதைத் திருகுவார். விடுவேனா? அத்தனை குச்சியையும் பிடுங்கினேன். லொறிக் கயிற்றை இழுத்துக் கட்டி, சம இடைவெளியில், ஒரே கோட்டில் நட்டேன். வெள்ளைக்காரத் துரை பார்த்திருந்தால் கைகொடுத்திருப்பார்.

டீச்சர் வந்தார். கையிலிருந்த குடை விழுந்தது.

"அண்ணே... குச்சியெல்லாம் யாரு புடுங்குனது?"

"நான்தாங்க. கண்றாவியா இருந்துச்சு. இப்ப பாருங்க, காலையில தோட்டத்துல வேலை பிரிக்கிற பெரட்டுக்கு நிக்கிற ஆளுக மாதிரி வரிசையா இருக்கு!"

"முட்டை எங்கண்ணே இருக்கு?"

"குச்சிக்குப் பக்கத்துல..." என்று சொல்லிக்கொண்டே என் நேர்க்கோட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

உடன் வந்த மீனவர் பியதாச "ஐயோ முதலாளி!" என்று மணலில் உட்கார்ந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்; அதுதான் அதிகம் வலித்தது. பழைய தடங்களைக் காற்று எப்போதோ அழித்துவிட்டது. தோண்டித் தேடினால் முட்டை உடையும். தேடாவிட்டால் வள்ளம் ஏறி நசுங்கும்.

டீச்சர் கத்தவில்லை. "குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் இந்தக் கரையில ஒரு வள்ளமும் ஏறக்கூடாது. யாராச்சும் காவல் இருக்கணும்" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

விடுமுறை முடிந்து, எல்லாரையும் ஏற்றி என் லொறியை வேறொருவன் ஓட்டிக்கொண்டு போனான். நான் நின்றேன். குளிரில் வளர்ந்த உடம்பு வெயிலில் தோல் உரிந்தது. ராகலையில் நான் வாங்கிப்போட்ட கோவா, முட்டைக்கோசு, மூட்டையிலேயே அழுகியது. மீனவர்களை அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சினேன். பாவம், வள்ளத்தைச் சுற்றித்தான் கொண்டுபோனார்கள். போகும்போதெல்லாம் "கெஸ்பே முதலாளி" என்று கூப்பிட்டார்கள். (ஆமை முதலாளி!)

ஒரு மாதத்துக்கு மேல் கழித்து ஒரு சனிக்கிழமை, நிலைமையைப் பார்க்க டீச்சர் பஸ்சில் வந்திறங்கினார். பொழுது சாய்கிற நேரம். அவருக்குப் பிளேன்டீ போட்டுக்கொண்டிருந்தேன். அடுப்புக்குச் சற்றுத் தள்ளி மணல் அசைந்தது. கறுப்புக் குஞ்சுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி வெளியே வந்தன.

"நெருப்பை அணைங்க! வெளிச்சத்தப் பார்த்து இங்கிட்டு வந்துரும்!"

டீத்தண்ணியை அப்படியே அடுப்பில் கவிழ்த்தேன். குஞ்சுகள் கடலைப் பார்த்து ஓடின. என் அழகான வரிசைப் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"அழுறீங்களா?" என்றார் டீச்சர்.

"புகைங்க."

அவர் "அண்ணே" என்று சொல்லாததைக் கவனித்தேன். அடுத்த தை மாதம் கல்யாணம்.

இன்றைக்கும் வீட்டில் எது காணாமல் போனாலும், பிள்ளைகளின் முதல் கேள்வி, "அப்பா ஒழுங்குபண்ணி வச்சாரா?" என்பதுதான். மருமகள்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். போன வாரம் என் மூக்குக்கண்ணாடியை நானே தேடிக்கொண்டிருந்தேன். குசினியிலிருந்து ரோசலினின் குரல் வந்தது:

"ஒழுங்கா வச்சிருப்பீங்க. அதான் கெடைக்கல."