பலகைக்கு அடியில் டீ குடித்த டாக்டர்

உலகத்தில் நோயாளியை ஏறெடுத்தும் பார்க்காமல் வைத்தியம் செய்த ஒரே டாக்டர் எங்கள் விருந்தாளி டாக்டர்தான். நாயைப் பார்க்க வருவார். நாயைத் தவிர எல்லாவற்றையும் பார்ப்பார். சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார், அடுப்பைப் பார்ப்பார், முறுக்கு டப்பாவைப் பார்ப்பார். முறுக்கு டப்பாவை மட்டும் இரண்டு தடவை பார்ப்பார்.

போன வாரம் என் மகள் வீட்டுப் பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒன்பது நாய், இரண்டு பூனை, ஒரு கிளி. ஒன்பது நாயும் நடுங்கின. பூனை கூடைக்குள் நடுங்கியது, நான் நாற்காலியில் நடுங்கினேன். இந்த வயதில் எனக்கு இதெல்லாம் முடியவில்லை. அப்போதுதான் விருந்தாளி டாக்டர் நினைவுக்கு வந்தார்.

அறுபதுகளில் நான் அந்தமானில், போர்ட் பிளேரில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஷாதிபூரில் குவார்ட்டர்ஸ். தகரக் கூரை, பலகைத் தரை, முழு வீடும் இடுப்பளவு மரக்கால்கள் மேல் நிற்கும். டாக்டரை அரசாங்கம் தீவுக்கு அனுப்பியது மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும். குடியேற வந்தவர்களுக்குக் கொடுத்த எருமைகளோடு பகல் முழுவதும் மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலமானால் நாய், பூனை வளர்க்கிற வீடுகளைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை, எல்லோருக்கும் அவர் விருந்தாளி டாக்டர்தான்.

வீட்டுக்கு வருவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. ஆஸ்பத்திரி வாடை அடிக்கும் சட்டையைத் தெருமுனையிலேயே கழற்றிச் சைக்கிளில் தொங்கவிட்டு, வேறு சட்டை மாட்டிக்கொள்வார். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில், தெருமுனையில் வெற்று மார்போடு ஒருவர் நனைந்துகொண்டு நின்றால் யாருக்கோ நாய் சுகமில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஊசி, மருந்தெல்லாம் காய்கறிப் பையில், கத்தரிக்காய்க்கு அடியில் இருக்கும். டாக்டர் பையை எந்த மிருகமும் கண்டுபிடித்துவிடுமாம், கத்தரிக்காயைப் பார்த்துப் பயந்த நாயை அவர் பார்த்ததில்லையாம். உள்ளே வந்து உட்கார்ந்தால் முதல் டீ, அப்புறம் இரண்டாவது டீ. மூன்றாவதுக்குள் வந்தவர் டாக்டர் என்பதை நாய் மறந்துவிடும். சில சமயம் வீட்டுக்காரரும் மறந்துவிடுவார்.

ஏன் இந்தக் கூத்து என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு வர்ற மிருகம் நோய வீட்டுல விட்டுட்டு பயத்த மட்டும் எடுத்துட்டு வருது சார். நான் பயத்துக்கு வைத்தியம் படிக்கல."

எங்கள் ஊரிலேயே டாலிகஞ்ச் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரை பாய் ஒருவரின் பூனை திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிட்டது. டாக்டர் வெள்ளிக்கிழமை மத்தியானமாகப் பார்த்துப் போனார். பிரியாணி சாப்பிட்டார். பிறகு கடைக்குப் பின்னால் பூனை சாப்பிடுகிற மூலையில், பூனை உயரத்துக்குத் தலையை வைத்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டார். அரை மணி நேரம் போயிற்று. பாய் பொறுத்துப் பார்த்தார்.

"டாக்டரே, பூனையப் பாக்க வந்தியளா, பிரியாணியப் பாக்க வந்தியளா?"

"ரெண்டும் பாத்தாச்சு பாய். அந்த மண்ணெண்ணெ டின்ன எடுத்து வெளிய வைங்க."

பூனைத் தட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மண்ணெண்ணெய் டின் வந்து உட்கார்ந்திருந்தது. நின்றுகொண்டிருந்த யாருக்கும் அந்த வாடை எட்டவில்லை, தரையில் படுத்தவருக்கு எட்டியது. டின் வெளியே போனது, பூனை அன்றைக்கே சாப்பிட்டது. "பூனைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வருவீங்க. டின்னத் தூக்கிட்டு வருவீங்களா?" என்று பாயிடம் கேட்டுவிட்டு, மிச்சம் இருந்த பிரியாணியையும் பொட்டலம் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பக்கத்துக் கராச்சர்மாவில் ஒரு வீட்டு நாய் ராத்திரிச் சோற்றை மட்டும் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தது. டாக்டர் அங்கேயே உட்கார்ந்து சாப்பாட்டு நேரம் வரை இருந்துவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் நாய்க்குச் சோறு வைக்கிற நேரமாகப் பார்த்துச் சண்டையை ஆரம்பிக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. நாய் சாப்பிட்டு முடிக்கிறவரை சண்டையைத் தள்ளி வைக்கும்படி சொன்னார். தள்ளி வைத்ததில் இருவருக்கும் எதற்காகச் சண்டை என்பது மறந்து போயிற்று. நாயும் தேறியது, தம்பதியும் தேறினார்கள். அந்த அம்மாள் மட்டும், டாக்டர் வந்துபோன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

என் வீட்டு முறுக்கு டப்பாவை அவர் இரண்டு தடவை பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்காது. நான் எதையும் எண்ணுகிறவன். எண்ணி எண்ணியே களைத்துப்போனவன் என்றும் சொல்லலாம். கப்பல் வராத வாரங்களில் உளுந்து கிடையாது, உளுந்து இல்லாவிட்டால் முறுக்கு கிடையாது. அதனால் டப்பாவில் எத்தனை இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் தெரியும். ஒன்று குறைந்தாலும் இரவு தூக்கம் வராது. டாக்டர் வந்துபோனால் ஆறு குறையும்.

எங்கள் வீட்டு நாய்க்கு மோத்தி என்று பெயர். எங்களுக்கு முன்னால் குடியிருந்த வங்காளிக் குடும்பம் வைத்த பெயர். அவர்கள் மாற்றலாகிப் போனபோது வீட்டோடு நாயையும் விட்டுவிட்டுப் போனார்கள். நான் அலுவலகம் போன பிறகு என் மனைவி கோமதிக்குத் தமிழில் பேச அந்த நாயை விட்டால் ஆள் கிடையாது. வங்காள மொழியில் வளர்ந்த நாய் இரண்டே மாதத்தில் சங்கரன்கோவில் தமிழுக்கு மாறிவிட்டது.

கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமான ஒரு மழைக்கால வாரம். திங்கட்கிழமை காலை மோத்தி வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வடிந்தது. சோறு தொடவில்லை. தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகும், முகத்தை வைக்கும், உறுமிக்கொண்டு பின்வாங்கும். மறுநாள் கோமதியின் நச்சரிப்பில் அதைச் சங்கிலியில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். பஸ் கண்டக்டர் ஆடு, கோழி, பூசணிக்காய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டார், நாயை மட்டும் மாட்டேன் என்று இந்தியில் சொன்னார். பயத்தில் மோத்தி முன்னங்காலால் வாயைப் பிராண்டி, ஒருவருடைய குடையைக் கடிக்கப் பாய்ந்து, பஸ் ஸ்டாப்பையே காலி பண்ணியது. அந்தக் குடை எங்கள் பக்கத்து வீட்டு ஓவர்சியருடையது.

ஓவர்சியர் நல்ல மனிதர், சேலத்துக்காரர். முகம் வெளுத்துப் போய் நின்றார்.

"சார், இது வெறி. எனக்குத் தெரியும். ஊர்ல என் தம்பிக்கு..."

நாங்கள் எல்லோரும் கப்பலில் வந்தவர்கள். படுக்கை, பாத்திரம், அம்மி என்று ஊரிலிருந்து எது எதையோ கொண்டுவந்தோம். வெறிநாய்ப் பயத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தோம் போலிருக்கிறது. மத்தியானத்துக்குள் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. மோத்தி எங்கள் வீட்டுப் பலகைக்கு அடியில் புகுந்து, ஆகக் கடைசி மூலையில் சுருண்டது. மறுநாள் சாயங்காலம் மான் சுடுகிற தன் நண்பரைத் துப்பாக்கியோடு கூட்டிவருவதாக ஓவர்சியர் சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. கோமதிக்குப் படவில்லை.

"மோத்தியச் சுட்டா அடுத்த கப்பல்ல நான் ஊருக்குப் போயிருவேன். நீங்க இங்கன டப்பாவ எண்ணிக்கிட்டுக் கெடங்க."

அவள் சொன்னால் செய்கிறவள். நான் டாக்டருக்கு ஆள் அனுப்பினேன்.

அவர் மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். சட்டை மாற்றியிருந்தார். கத்தரிக்காய்ப் பையை வைத்தார், உட்கார்ந்தார், டீ கேட்டார். சாயங்காலம் துப்பாக்கி வரப்போகிறது என்றேன். வரட்டும், அதற்கு இன்னும் நேரமிருக்கிறது என்றார். நாய் எங்கே பிறந்தது என்று கேட்டார்.

"இந்த வீட்டுக்கு அடியிலதான்" என்றாள் கோமதி.

"அச்சா. அப்ப லோக்கல் பார்ன். நம்ம எல்லாரையும் விட சீனியர். அம்மா, இந்தத் தீவுல நான் வந்ததுலேருந்து ஒரு வெறிநாய் பாத்ததில்ல. எனக்கு முன்னாடி இருந்தவரும் பாத்ததில்ல. அந்த வியாதி இன்னும் கப்பல் ஏறல."

அப்படியானால் இது என்ன என்று கேட்டேன். இரண்டாவது டீயைக் குடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அலுப்பாக வந்தது. மூன்றாவது டீயின்போது கேட்டார்.

"ஓவர்சியர் வேலியில என்ன காயுது?"

மான் தோல். நண்பர் சுட்டுக் கொண்டுவந்தது, ஞாயிற்றுக்கிழமை. ஓவர்சியர் வீட்டில் சாப்பிட்டு மிஞ்சியதை அவர் சம்சாரம் வேலிப் பக்கம் கொட்டியிருப்பாள். டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க சைவம். நாய் சைவமா?"

நாங்கள் எங்கள் வீட்டுத் தயிர்ச்சோற்றை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். வாய்க்குள் எலும்பு மாட்டியிருக்கும் என்றார் டாக்டர். மாட்டினால் எச்சில் வடியும், தண்ணீர் குடிக்க முடியாது, பிராண்டும், கிட்டே போனால் சீறும். பார்க்கிறவர்களுக்கு வெறி மாதிரியேதான் இருக்கும்.

பழைய சாக்கை வலது கையில் முழங்கை வரை சுற்றிக் கட்டிக்கொண்டார். கட்டும்போது அவர் விரல்கள் நடுங்கின. நான் கவனித்ததை அவரும் கவனித்தார்.

"வெறி இல்லன்னு எனக்குத் தெரியும் சார். ஆனா விரலுக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு, அகப்பையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் ஊர்ந்து போய்விட்டார்.

கொஞ்ச நேரம் உறுமல் மட்டும் கேட்டது. பிறகு நான் நின்ற பலகைக்கு நேர் கீழே இருந்து அவர் குரல் வந்தது.

"அம்மா, வீடு ரொம்ப அமைதியா இருக்கு. நாய் பயப்படுது. எப்பவும் இந்த நேரத்துல என்ன பண்ணுவீங்களோ அதப் பண்ணுங்க."

"காய் நறுக்குவேன். இவங்கள வைவேன்."

"அதப் பண்ணுங்க. நிறுத்தாம பண்ணுங்க."

கோமதி அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே என்னைத் திட்ட ஆரம்பித்தாள். முதலில் சிகிச்சைக்காகத்தான் திட்டினாள். போகப்போக மனமொன்றித் திட்டினாள். என் மேல் மொத்தம் பதினொரு குற்றச்சாட்டுகள். இரண்டு நியாயமானவை. நடுவில் கீழேயிருந்து, "அம்மா, நல்லா கேக்குது, நாய் படுத்திருச்சு. ஒரு டீ குடுங்க, சீனி கம்மியா" என்று குரல் வந்தது. தரைப் பலகையில் ஓரமாக இருந்த ஓட்டை வழியாக டம்ளரைக் கயிறு கட்டி இறக்கினோம். டீ அவருக்கா, நாய்க்கு வாசனை காட்டவா என்று இன்றுவரை தெரியாது. டம்ளர் காலியாகத் திரும்பியது.

அப்போது படலைத் திறந்துகொண்டு ஓவர்சியரும் துப்பாக்கி நண்பரும் வந்தார்கள். வீட்டுக்கு அடியிலிருந்து அசையாமல் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்கள்தான் அவர்கள் கண்ணில் முதலில் பட்டன. ஓவர்சியர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ, டாக்டரையும் கடிச்சிருச்சா?"

உள்ளே ஒரு ஊளை கேட்டது, அகப்பை உடைகிற சத்தம் கேட்டது. துப்பாக்கி உயர்ந்தது. கோமதி திட்டுவதை நிறுத்தினாள். பலகைக்கு அடியிலிருந்து, "நிறுத்தாதீங்கம்மா" என்று ஒரு குரல். கோமதிக்கு என் மேல் சொல்ல எதுவும் மிச்சமில்லை போலிருக்கிறது, அழுதுகொண்டே முதல் குற்றச்சாட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

பாதங்கள் நகர்ந்தன. சேறாக டாக்டர் வெளியே வந்தார். கையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விலா எலும்புத் துண்டு. இரண்டு பக்கப் பற்களுக்கும் நடுவே மேலண்ணத்தில் குறுக்குச் சட்டம் போலச் சிக்கியிருந்ததாம். அவருக்குப் பின்னால் மோத்தி வந்தது. யாரையும் பார்க்கவில்லை. நேராக மழைத்தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது.

ஓவர்சியர் எங்கள் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "தம்பி கடைசி வரைக்கும் தண்ணிய வாங்கவே இல்ல சார்" என்று மட்டும் சொன்னார். டாக்டர் அவர் பக்கத்தில் சேற்றோடு உட்கார்ந்தார். எலும்பைக் காட்டவில்லை, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கோமதி ஐந்தாவது டீயைக் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள், நாய் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு. துப்பாக்கிக்காரர் தன்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகும் எந்தக் காரணமும் இல்லாமல் டாக்டர் வருவார், வந்தால் ஆறு குறையும். இரண்டு வருஷம் கழித்து அவருக்கு மெயின்லேண்டுக்கு மாற்றலானது. கப்பலுக்கு முந்தின சாயங்காலம் விடைபெற வந்தார், எங்களிடம் அல்ல, மோத்தியிடம். சட்டை மாற்றாமல் வந்திருந்தார். ஆஸ்பத்திரி வாடை அடித்தது. மோத்தி அதைப் பொருட்படுத்தாமல் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டது.

நான் உள்ளே போய் முறுக்கு டப்பாவை எடுத்து வந்து மூடியோடு அவர் பையில், கத்தரிக்காய்க்கு மேல் வைத்தேன். அன்று அதில் எத்தனை இருந்தது என்று எனக்குத் தெரியாது.