வாத்தக்காவின் சனிக்கிழமை அறிக்கை

"பொறுமை: குறைவு. கவனம்: சிதறுகிறது. தன் முறை வரும்வரை காத்திருத்தல்: இல்லை."

கிரீஸ் படாத சுண்டுவிரலால் போனைத் தள்ளித் தள்ளி மூன்று தடவை படித்துவிட்டான் ஆல்பின். மோட்டாருக்குக் காயில் கட்டும் அவன் கடை மேசையில் துரைராசு அண்ணனின் போர்வெல் மோட்டார் வயிற்றைத் திறந்து போட்டுக் கிடந்தது. மேசைக்குக் கீழே நாலு வயது ஜாஸ்லின் அறுத்தெடுத்த செம்புக் கம்பித் துண்டுகளைக் குட்டையிலிருந்து நெட்டையாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். அரை மணி நேரமாக அதே வேலை. ஒரு சத்தம் இல்லை.

இந்தப் பிள்ளைக்கா கவனம் சிதறுகிறது?

அறிக்கை அனுப்பியது 'தத்தக்கா'. பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் விளையாட்டுமாகச் சொல்லித்தருகிற செயலி. பாவாடை கட்டிய மஞ்சள் வாத்து ஒன்று வந்து பாடும், கேள்வி கேட்கும், பதிலுக்குக் காத்திருக்கும். ஜாஸ்லினுக்கு அது வாத்தக்கா. குவைத்தில் நர்ஸாக இருக்கும் மனைவி பாத்திமா மேரிதான் அங்கிருந்தே ஏற்பாடு செய்தாள். தினமும் இருபது நிமிஷம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து விளையாட வேண்டும் என்பது சட்டம். முதல் நாள் அது மைக்குக்கு அனுமதி கேட்டது, இன்னும் எது எதற்கோ கேட்டது. ஆல்பின் எல்லாவற்றுக்கும் 'சரி' அழுத்தினான்.

சனிக்கிழமை காலையில் இருவர் போனுக்கும் நாலு வரிச் செய்தி வரும். முழு அறிக்கை வேண்டுமானால் கீழே அழுத்தச் சொல்லும். அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்கும். அது மேரிக்கே மறந்துபோயிருந்தது.

போன் அடித்தது.

"பாத்தீங்களா?" என்றாள் மேரி.

"பாத்தேன்."

"எட்டு மாசந்தாங்க ஆவுது நான் வந்து. அதுக்குள்ள புள்ளைய இப்படி ஆக்கி வச்சிருக்கீங்களே."

"நல்லாத்தான் இருக்கா மேரி. கம்பி அடுக்கிட்டு இருக்கா."

"கம்பியா?"

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று ஆல்பினுக்கு அப்போதுதான் தோன்றியது.

"இன்னும் ஒரு மாசத்துல கான்வென்ட்டுல இன்டர்வியூ," என்றாள் மேரி. "காத்திருக்கத் தெரியாத புள்ளைய சிஸ்டர் எப்படி எடுப்பாங்க? நீங்க கூட உக்காருங்க. சும்மா பேருக்கு இல்ல. நெருங்கி உக்காந்து சொல்லிக் குடுங்க."

நெருங்கி உட்கார்ந்தான். மதியம் பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஜாஸ்லினை மடியில் வைத்து டேப்லெட்டை மோட்டார் மேல் சாய்த்து வைத்தான்.

"இது என்ன நிறம்?" என்று கேட்டது வாத்து.

ஜாஸ்லின் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வாத்து கண்ணைச் சிமிட்டிக்கொண்டு காத்திருந்தது.

"ஊதா," என்றான் ஆல்பின். "ஊதா சொல்லு பாப்பா. தெரியாதா ஒனக்கு? நேத்து சொன்னேனே."

"இருப்பா. யோசிக்கிறேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று அவனே திரையில் ஊதாவைத் தட்டினான். அடுத்து ஆட்டுக்குட்டியை எண்ணச் சொன்னது. ஜாஸ்லின் மூன்றாவது குட்டிக்குப் போவதற்குள் ஆல்பின் ஏழு என்று தட்டிவிட்டான். எல்லாம் சரியான விடை. இந்த வாரம் நட்சத்திரம் கொட்டும் என்று நம்பினான்.

சனிக்கிழமை வந்தது.

"பிறர் வாய்ப்பைப் பறித்தல்: அடிக்கடி. விட்டுக்கொடுத்தல்: இல்லை. பொறுமை: மேலும் குறைந்துள்ளது."

ஆல்பின் பிள்ளையை முன்னால் நிறுத்தினான். "யாருகிட்டேந்து என்ன பிடுங்குன? நெசத்த சொல்லு."

ஜாஸ்லின் விழித்தாள். கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தாள். அதை அவனிடம் நீட்டினாள்.

அந்த வாரம் மேரி போனில் திட்டவில்லை. அழுதாள். திட்டினால் சமாளித்திருப்பான். அவள் ராத்திரி ஷிப்ட் முடித்து, பஸ்ஸில் உட்கார்ந்து, பிள்ளை ஞாபகத்துக்கு அந்த நாலு வரியைத்தான் பார்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும்.

செல்லம் கொடுத்துத்தான் கெட்டுவிட்டது என்று முடிவெடுத்தான் ஆல்பின். இனி கண்டிப்பு. ஷட்டரை முழுதாக இறக்கினான். இருபது நிமிஷம் ஒரு மணி நேரமானது. ஜாஸ்லின் தப்பாகத் தொட்டால் "கவனி" என்றான். மறுபடி தொட்டால் "கவனின்னு சொல்றேன்ல" என்றான். மூன்றாவது தடவை அவன் மேசையைத் தட்டியதில் டேப்லெட் குப்புற விழுந்தது. கீழே கிடந்தபடியே வாத்து, "பரவாயில்லை, மறுபடி முயற்சி செய்வோமா?" என்றது.

"இது வேற," என்றான் ஆல்பின்.

வெளியே ஷட்டரைத் தட்டினார்கள். துரைராசு. காவிரியில் தண்ணீர் திறப்பதற்கு முன்பே போரை நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டிருந்தவர்.

"ஆல்பினு, மோட்டாரு ஆச்சா? நாத்தங்கால் வெடிச்சுக் கெடக்குதுப்பா."

"சாயந்தரம் தர்றேண்ணே."

"நேத்தும் இதத்தான சொன்ன?"

வாத்துக்கும் துரைராசுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு காயில் கட்டியதில், எத்தனை சுற்று என்பது ஆல்பினுக்குக் குழம்பிப்போனது. சாயங்காலம் மோட்டார் போனது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கே புகைந்து திரும்பி வந்தது.  துரைராசு அதை டிவிஎஸ் வண்டியிலிருந்து இறக்கி வாசலில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவது சனிக்கிழமை:

"குரல்: தேவைக்கு மேல் உரக்க. கோபம்: எளிதில். சிறு தோல்விக்கும் பொருள்களைத் தட்டிவிடுதல்: உண்டு. அருகிலிருப்பவர்களுக்கு அச்சம் ஏற்படலாம்."

ஆல்பின் தன் மகளைப் பார்த்தான். ஒரு வாரமாக அவள் ரகசியம் பேசுவதுபோலத்தான் பேசுகிறாள். தண்ணீர் வேண்டும் என்றால்கூடச் சட்டையை இழுத்துக் கையைக் காட்டுகிறாள். வெளியே இவ்வளவு அடக்கம், உள்ளே இவ்வளவு ஆத்திரமா? பிள்ளையின் மண்டைக்குள் என்னதான் ஓடுகிறது?

"யாரு மாதிரிங்க இவ?" என்று மேரி தேம்பினாள். "எங்க வீட்டுல இப்படி யாருக்குமே கோவம் கெடையாது."

"ஒங்க பெரியக்காவ விட்டுட்டியா?"

"அக்காவப் பேசாதீங்க. கடைசியில அவகிட்டதான் போய் நிக்கணும். இன்டர்வியூல எடம் கெடைக்கலன்னா பாப்பாவ திருச்சிக்கு அக்கா வீட்டுக்கே அனுப்பிடுங்க. அங்கயே படிக்கட்டும். ஒங்களால முடியல. அதுக்கு ஒங்கள நான் குத்தம் சொல்லல."

குற்றம் சொல்லியிருக்கலாம். ஆல்பின் கருகிய மோட்டார் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். மேசைக்குக் கீழே கம்பித் துண்டுகள் இல்லாத கடையை நினைத்துப் பார்த்தான். நினைக்க முடியவில்லை.

தஞ்சாவூரில் குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் ஜாஸ்லினோடு கால் மணி நேரம் பேசினார், அவள் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்தார். பிறகு ஆல்பினைப் பார்த்து, "புள்ள நல்லா இருக்கா. நீங்க சரியா தூங்குறீங்களா? பிரஷர் பாத்து எத்தன நாளாச்சு?" என்றார்.

இந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பஸ் ஏறும்போதே தெரிந்துவிட்டது.

இன்டர்வியூவுக்கு ஒரே வாரம். ஆல்பினுக்கு மிச்சமிருந்தது ஒரு வழிதான். ஜாஸ்லின் மதியம் தூங்கியதும், டேப்லெட்டை எடுத்துக்கொண்டு கடை மூலையில் உட்கார்ந்தான். தொண்டையை இறுக்கிக் குரலை மெலிசாக்கினான்.

"இது என்ன நிறம்?"

"பச்ச வாத்தக்கா," என்றான் ஆல்பின்.

"அருமை. நீ இன்று என்ன சாப்பிட்டாய்?"

"நானு... பப்பு மம்மு சாப்ட்டேன் வாத்தக்கா."

பின்னால் யாரோ செருமினார்கள். துரைராசு தூக்குவாளியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"சாப்பாடு எடுத்துட்டு வந்தேன். மோட்டார முடிக்கிற வரைக்கும் இங்கயே இருந்துடலாம்னு," என்றார் மெதுவாக. பிறகு, இன்னும் மெதுவாக, "தம்பி, பொஞ்சாதி ஊர்ல இல்லன்னா இந்த மாதிரி ஆவுறதுதான். ஒண்ணும் வெக்கப்படாத. பூண்டி மாதா கோயிலுக்கு ஒரு நட போயிட்டு வா," என்றார்.

நாலாவது சனிக்கிழமை அறிக்கை காலை ஏழு மணிக்கே வந்தது.

"பேச்சு: திடீரென வயதுக்குப் பொருந்தாத மழலை. நேர்மை: கவலைக்குரியது. தனிமை: தெரிகிறது. கண்டிக்க வேண்டாம். அன்போடு அணுகவும். தேவையெனில் நிபுணரை நாடவும்."

ஆல்பின் போனைச் சட்டைப்பையில் போட்டான். இனி செய்ய ஒன்றும் இல்லை. தான் தொட்ட ஒவ்வொன்றும் பிள்ளையை இன்னும் ஒரு படி கீழே இறக்கியிருக்கிறது. ஏமாற்றியது போதும் என்று தோன்றியது. சிஸ்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது. பிள்ளை இப்படித்தான், மனம் இரங்கி எடுத்துக்கொள்ளுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுவிடுவது.

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மலர்க்கொடியிடம் போனைக் கொடுத்தான். "நாலு வார ரிப்போர்ட்டும் முழுசா வேணும். பாஸ்வேர்டு தெரியாது," என்றான். அவள் அவன் போனுக்கே ஓடிபி வரவழைத்து, உள்ளே போய், பதினாறு பக்கத்தை அச்செடுத்தாள்.

"படிச்சுப் பாக்குறீங்களாண்ணே?"

"வேணாம்மா. படிச்ச வரைக்கும் போதும். கவர்ல போட்டுக் குடு."

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கான்வென்ட்டில் கூப்பிட்டார்கள். தலைமை சிஸ்டர் வயதானவர், பேச்சு நிதானம். ஜாஸ்லினை எதிரே உட்காரவைத்து, மேசை மேல் ஒரு மாம்பழத்தை வைத்தார்.

"இது என்ன நிறம்மா?"

ஜாஸ்லின் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஆல்பினின் நாக்கு நுனியில் மஞ்சள் வந்து நின்றது. கர்ச்சீப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இந்தப் பக்கம் மஞ்ச," என்றாள் ஜாஸ்லின் கடைசியில். "காம்புகிட்ட இன்னும் பச்ச. நாளைக்கு வந்து கேட்டீங்கன்னா முழுசா மஞ்சன்னு சொல்லுவேன்."

சிஸ்டர் சிரித்தார். இன்னும் நாலைந்து கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் ஜாஸ்லின் யோசித்துத்தான் பதில் சொன்னாள். சிஸ்டர் அவசரப்படவே இல்லை. கடைசியில் மாம்பழத்தை அவள் கையிலேயே கொடுத்து, வெளியே ஊஞ்சலில் விளையாடச் சொன்னார்.

"நல்ல புள்ள," என்றார் சிஸ்டர், விண்ணப்பத்தில் பேனாவை வைத்தபடி.

அப்படியே கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். ஆல்பினால் முடியவில்லை. கவரை எடுத்து மேசை மேல் வைத்தான்.

"சிஸ்டர், இத நீங்க படிக்கணும். மறைச்சு சேத்தேன்னு நாளைக்கு வரக் கூடாது. இங்க பாக்குறது வேற, வீட்டுல நடக்குறது வேற."

சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து படித்தார். நிமிர்ந்து ஆல்பினைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். பதினாறு பக்கமும் பொறுமையாகப் புரண்டது. மேலே மின்விசிறி கடகடத்தது.

"இதுல இருக்கறதெல்லாம் உண்மையா?"

"உண்மைதான் சிஸ்டர்."

"கோவம் வந்தா சாமானையெல்லாம் தட்டிவிடறது?"

"ஆமா சிஸ்டர்."

"இந்த மழலைப் பேச்சு?"

"அது... அதுவும்தான் சிஸ்டர். ஒரு வாரமா." ஆல்பின் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தான். "நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். மோசமாத்தான் ஆவுது."

"திருந்தணும்னு மனசுல இருக்கா?"

"இருக்கு சிஸ்டர். சத்தியமா இருக்கு. ஒரு சந்தர்ப்பம் மட்டும் குடுங்க. வீட்டுக்காரி தூரத்துல இருக்கா. இதுவும் போச்சுன்னா புள்ளையத் திருச்சிக்கு அனுப்பணும்."

சிஸ்டர் விண்ணப்பத்தை இழுத்து, 'சேர்த்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆல்பினுக்கு நம்ப முடியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டான். சிஸ்டர் அந்தப் பதினாறு பக்கத்தையும் ஒழுங்காக அடுக்கி, கவருக்குள் போட்டு, இரண்டு கையாலும் அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இருபத்திரண்டு வருசமா அட்மிஷன் போடுறேன் தம்பி," என்றார். "புள்ளையச் சேக்க வந்த எடத்துல, தன்னப் பத்தின ரிப்போர்ட்டத் தானே கொண்டாந்து குடுத்த மொத அப்பா நீங்கதான்."