புறங்கை அண்ணை மெஷின் எடுத்த கதை

கொழும்பு ஆறு எனப்படும் வெள்ளவத்தையில் எல்லா மனிதரும் கரண்டுக்குப் பயந்தார்கள். கரண்ட் ஒரே ஒரு மனிதருக்குத்தான் பயந்தது. அவருக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர் இருந்திருக்கும். எங்கள் எல்லாருக்கும் அவர் புறங்கை அண்ணை.

கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் நாங்கள் இருவருமாக ஒரு திருத்தகம் வைத்திருந்தோம். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல், உடுப்புத் தேய்க்கும் அயன், கிரைண்டர், ஹீற்றர், எது பழுதென்றாலும் கொண்டு வரலாம். திருத்துவது அவர். ரசீதுத் துண்டு எழுதுவதும், வந்தவர்களிடம் பேச்சு வாங்குவதும், போன சாமான் யாரையாவது அடித்திருக்குமோ என்று யோசிப்பதும் என் பகுதி. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குத் தலையில் யோசிக்க நிறைய இடம் மிச்சமிருக்கும்.

திருத்தி முடித்ததும் அண்ணை சாமானை பிளக்கில் கொழுவி சுவிட்சைப் போடுவார். பிறகு, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல, வலது புறங்கையால் அதைத் தொடுவார். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் விரலை மடக்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கையென்றால் உதறிவிடும் என்பது அவருடைய விஞ்ஞானம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் நிற்பார். அப்புறம் தீர்ப்பு. அதில் நான்கு தரம்: சுத்தம், கூச்சம், குட்டு, அடி. சுத்தமும் கூச்சமும் சொந்தக்காரரிடம் போகும். குட்டு திரும்ப மேசைக்கு வரும். அடி என்றால் அண்ணை இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்து, "நல்ல பலமான சாமான்" என்று மரியாதையோடு சொல்வார்.

"அண்ணை, ஒரு டெஸ்ற் பண்ணுற மெஷின் எடுப்பமே?" என்று மாதம் ஒரு தடவையாவது கேட்பேன்.

"ஏன், எனக்கென்ன பற்றரி முடிஞ்சிட்டுதோ?"

புதுக்கடையில் வழக்குப் பேசும் சட்டத்தரணி ஒருவர் தன் ஹீற்றர் பாதுகாப்பானது என்று எழுத்தில் கேட்டார். அண்ணை யோசிக்கவேயில்லை. "எழுதடாப்பா: புறங்கையால் பார்த்தேன், சுத்தம்." நான் எழுதினேன், அவர் கையெழுத்திட்டார். சட்டத்தரணி அதை மூன்று தரம் வாசித்துவிட்டு, "கோட்டில இதைவிட மோசமான சாட்சியெல்லாம் பாத்திருக்கிறன்" என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு திங்கட்கிழமை, பம்பலப்பிட்டியில் பெண்பிள்ளைகள் விடுதி நடத்தும் மேற்றன் அன்ரி, துவாயில் சுற்றிய கேத்தலோடு வந்து நின்றார். எங்கள் கடை பாதி அவருடைய விடுதிச் சாமான்களால்தான் ஓடியது.

"தம்பி, போன கிழமை நீங்கள் திருத்தித் தந்தது இது. நேற்று ஒரு பிள்ளை குளிச்சுப்போட்டு வந்து தொட்டவள், தூக்கி அடிச்சிட்டுது. அவள் கத்தின கத்தில நாலாம் மாடியே இறங்கி வந்திட்டுது."

"நான் பாத்து விட்டது அக்கா. சுத்தமான சாமான்" என்றார் அண்ணை.

"உங்களுக்கு அடிக்காத கரண்ட் அவளுக்கு மட்டும் ஏன் அடிக்குது?"

"கரண்டுக்கும் ஆள் தெரியும் அக்கா."

அன்ரி சிரிக்கவில்லை. வருகிற சனிக்கிழமை முறையான மெஷினோடு வந்து விடுதியில் உள்ள ஒவ்வொரு சாமானையும் பார்த்து, கையெழுத்துப் போட்ட லேபல் ஒட்ட வேண்டும் என்றார். இல்லையென்றால் வேறு ஆளைப் பிடிப்பார். "முப்பது பிள்ளையள் என்னை நம்பி இருக்குதுகள். ஒண்டுக்கு ஏதும் நடந்தா, தாய்க்குப் போன் எடுத்து நான் என்னத்தைச் சொல்லுறது?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வேலை போனால் வேறு வேலை வரும். துண்டில் 'சரி' என்று எழுதி அந்தக் கேத்தலைக் கொடுத்தனுப்பியவன் நானல்லவா?

காரணம் எனக்கு விளங்கிவிட்டதாகவும் நினைத்தேன். அண்ணையின் காலில் தடித்த ரப்பர் செருப்பு. அந்தப் பிள்ளை ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றிருக்கிறாள். அதை அண்ணையிடம் சொன்னேன்.

"இருவது வருசமா இதே செருப்புத்தான் போடுறன்" என்றார் அண்ணை கோபமாக.

"அதைத்தான் நானும் சொல்லுறன் அண்ணை."

புதன்கிழமை புறக்கோட்டைக்கு மெஷின் எடுக்கப் போனோம். அண்ணை அந்தக் கேத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். மெஷின் சாமானைச் சோதிக்க முதல் அவர் மெஷினைச் சோதிக்க வேண்டுமாம். ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்தார். பாரமில்லாத மீற்றர் பொய் சொல்லுமாம். குமிழைத் திருகிக் காதில் வைத்தார். ஒன்றை முகர்ந்தும் பார்த்தார். கடைக்காரப் பெண் எட்டிப்போய் நின்றாள்.

முதற்கடையில் சின்ன மல்ரிமீற்றர். கேத்தலின் உடம்பில் ஒரு முனையையும் பிளக்கில் மறு முனையையும் வைத்தார்கள். பழுதில்லை என்றது. அண்ணையின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? என்ர கை சொன்னதையே சொல்லுது. இதையே எடுப்பம்."

நான் பெட்டிக்குள் இருந்த தாளை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டிருந்தேன். "அண்ணை, உது சின்னப் பற்றரியால கேக்குது. கேத்தலுக்குள்ள ஓடுறது இருநூற்றி முப்பது. மெல்லமாக் கேட்டா ஆர் உண்மை சொல்லுவினம்?"

அடுத்த கடையில் ஐந்நூறு வோல்ற் கொடுத்து, கரண்டை உள்ளே அடக்கிவைக்கும் இன்சுலேஷனைப் பார்க்கும் மீற்றர் இருந்தது. அதை எடுப்போம் என்று நான் சொல்ல, அண்ணை தட்டிவிட்டார். "உதுக்கு, கசியிற கரண்டை நிலத்துக்கு இறக்கிற ஏர்த் வயர் இருக்கோ அறுந்துதோ எண்ட கவலை இல்லை. உன்னை மாதிரி எல்லாத்துக்கும் கவலைப்படுற சாமானாப் பார்."

அதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

மூன்றாவது கடை ஒரு முஸ்லிம் நானாவுடையது. அவர் சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு மெஷினை எடுத்து வைத்தார். "அண்ணன், இது மூணையும் பாக்கும். ஏர்த், இன்சுலேஷன், வெளிய கசியிற கரண்ட். ஏர்த் இல்லாத சாமானுக்கு வேற பட்டன் ஈக்கு. சரியெண்டா பச்சை, பிழையெண்டா சிவப்பு. சரிபாத்த சேர்டிபிகேற்றும் ஈக்கு."

கேத்தலைக் கொழுவினோம். சிவப்பு.

"மெஷின் பிழை" என்றார் அண்ணை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவார் என்று நினைத்தேன். அவரோ கேத்தலைச் சுவர்ப் பிளக்கில் கொழுவினார். என்னை ஒருதரம் முறைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

"அண்ணை, வேண்டாம்! அண்ணை!"

வெறும் சீமெந்துத் தரையில் நின்று புறங்கையை வைத்தார். கண்ணை மூடினார்.

"சுத்தம்."

நானா தன் டெஸ்ரரை அதே இடத்தில் தொட்டார். உள்ளே இருந்த குட்டி லைற் பளிச்சென்று பத்தியது. அவர் பாய்ந்து சுவிட்சை நிறுத்தினார். "கையை எடுங்க அண்ணன்! ஒங்களுக்கு ஒண்டும் தெரியல்லயா?"

அண்ணை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லைற் பத்தினதோ?" என்று என்னிடம் கேட்டார், மெதுவாக.

"ஓம் அண்ணை."

செருப்புக்குள் காலை நுழைக்க அவர் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அதை அன்றைக்குத்தான் கவனித்தேன். "இந்த மெஷினையே கட்டச் சொல்லு" என்றார்.

பஸ்ஸில்தான் சொன்னார். சீனி வருத்தம், நீரிழிவு. கையும் காலும் உணர்வில்லாமல் விறைத்து இரண்டு வருடமாகிறது.

"அப்ப, சுத்தம், கூச்சம், குட்டு எண்டு இவ்வளவு நாளும் சொன்னது?"

"உன்ர முகத்தைப் பாத்துத்தான். நான் வேலை செய்யேக்க நீ ஒவ்வொரு வயரையும் எட்டி எட்டிப் பாத்துப் பயப்பிடுவாய். கொஞ்சம் பயந்தாக் கூச்சம். வேர்த்துதெண்டா குட்டு. அரைவாசிக்கு மேல சரியாத்தான் இருந்தது."

"இந்தக் கேத்தல்?"

"அதை நான் திருத்தேக்க நீ பல்லுப் பிடுங்கப் போயிட்டாய்."

இரண்டு வருடமாக வெள்ளவத்தையின் மின்சாரப் பாதுகாப்பு என் வியர்வையில் ஓடியிருக்கிறது. எனக்குச் சத்தம் போட வேண்டும் போல இருந்தது.

சனிக்கிழமை விடுதிக்குப் போனோம். அண்ணை ஒவ்வொரு பிளக்காகக் கொழுவ, நான் பட்டனை அமர்த்தினேன். பதினொரு சாமான் சிவப்பு. பத்தைத் தனியாகக் கட்டி வைத்தோம். பதினோராவதான அயனையும் கட்டப் போகையில் அன்ரி, "இது என்ர!" என்று நெஞ்சில் கை வைத்தார்.

லேபலில் 'சோதித்தவர்' என்றிருந்த இடத்தைக் காட்டி அன்ரி பேனாவை அண்ணையிடம் நீட்டினார். அவர் அதை என் பக்கம் தள்ளினார்.

"அவன் போடட்டும் அக்கா. பயப்பிடுறவன்ர கையெழுத்துத்தான் பிள்ளையளுக்கு நல்லது."

நான் போட்டேன். அடி வாங்கிய பிள்ளை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணை அவளிடம் போய், "பிழை என்னிலதான் பிள்ளை" என்றார். கரண்டே பயந்த மனிதர் ஒருவர் மன்னிப்புக் கேட்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

இப்போது அவர் கொட்டாஞ்சேனையில் மகளோடு இருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு மெஷினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, அந்த வீட்டுக் கேத்தல், அயன், பிரிட்ஜ் எல்லாவற்றையும் பார்த்து லேபல் ஒட்டிவிட்டு வருகிறேன்.

"போன மாசமும் பச்சைதானே, விசரா!" என்று ஏசுவார்.

பச்சைதான். ஆனாலும் அந்த வீட்டில் ஒரு நாள் சிவப்பு வந்தால், தெரியாமல் தொட்டுக்கொண்டு நிற்கப் போகிறவர் அவரல்லவா?