மீசைக்கு வந்த ஆறு முடி

என் நாட்குறிப்பில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "காலை பத்தே கால். மீசைக்கு மீசை வந்தது. ஆறு முடி. இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் இரண்டு. நானே எண்ணினேன்."

முத்துக் குளிக்க மூச்சை அடக்கியவர்கள் தூத்துக்குடியில் எத்தனையோ பேர். ஆனால் மூச்சை அடக்காமல் ஒரு கருவாட்டுக் கிட்டங்கிக்குள், அதாவது கிடங்குக்குள், இருபது வருஷம் உட்கார்ந்திருந்தவர் உலகத்திலேயே மீசை அண்ணாச்சி ஒருவர்தான். எதிர்ப்பக்கம் ஏஜென்சி ஆபீசில் கப்பல் வந்த நேரம், போன நேரம் எழுதுவது என் வேலை. பழக்கதோஷத்தில் அவரையும் எழுதிவைத்தேன்.

பெயர் கிண்டலுக்கு வைத்தது. நாற்பத்திரண்டு வயதிலும் முகம் எட்டாம் வகுப்புப் பையன் மாதிரி வழவழவென்று இருக்கும். குரல் அதைவிட மோசம். போனை எடுத்தால் எதிர்முனையில், "பாப்பா, அப்பா இருந்தா குடும்மா" என்பார்கள். கல்யாணப் பேச்சு எடுத்தால், "மொதல்ல மீசை வரட்டும்வே, அப்புறம் பொண்ணு பாக்கலாம்" என்று அவரே முந்திக்கொண்டு சிரிப்பார்.

கிட்டங்கிக்குப் புதிதாக வரும் ஆட்கள் மதியத்துக்குள் ஓடிவிடுவார்கள். மீசை மட்டும் சுறாக் கருவாட்டு மூட்டைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து மக்ரூன் தின்பார். தரம் பிரிக்கும்போது மீனின் வயிற்றைக் கட்டைவிரலால் அழுத்துவார், உப்பைச் சுரண்டிப் பார்ப்பார். பிறகு அதை வாங்க வந்தவர் மூக்குக்கு நேராக நீட்டி, அவர் முகத்தையே பார்ப்பார். மூக்கு சுருங்கினால் மூன்றாம் தரம். சுருங்காவிட்டால் முதல் தரம். மரியாதைக்காகச் செய்கிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

ஒருநாள் வாங்க வந்த வியாபாரிக்குக் கடுமையான ஜலதோஷம். எதை நீட்டினாலும் அந்த மூக்கு அசையவில்லை. கெட்டுப்போன வாளைக் கருவாடு ஒரு லாரி நிறைய முதல் தரமாகப் போனது. மூன்றாம் நாள் லாரி திரும்பி வந்தபோது தெருவில் இருந்த காக்காய்கள் பக்கத்துத் தெருவுக்குக் குடிபோயின. மீசை மட்டும் லாரிக்குள் தலையை விட்டு, "என்னவே ஆச்சு?" என்றார்.

முதலாளி வேட்டி நுனியால் முகத்தைப் பொத்திக்கொண்டு கத்தினார். "ஏலே, உனக்கு மூக்கு இருக்கா இல்லையா?"

"இருக்கு மொதலாளி. அதுல ஒண்ணும் வராது. சின்ன வயசுல, மணக்குது நாறுதுன்னு எல்லாரும் நடிக்குதாவன்னு நெனச்சேன். அப்புறம் நானும் நடிச்சேன்."

முதலாளி வேலையை விட்டு நிறுத்தவில்லை. டாக்டரிடம் அனுப்பினார். துணைக்குப் போனது நான். அந்த டாக்டரம்மா மூக்கைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு மோவாயைப் பார்த்தார், குரலைக் கேட்டார். ரத்தப் பரிசோதனையும் தலைக்கு ஸ்கேனும் எழுதிக்கொடுத்தார். முடிவு வந்ததும் ஒரு படம் வரைந்து விளக்கினார்.

கருவில் சில நரம்புச் செல்கள் மூக்குப் பக்கம் பிறந்து, மோப்ப நரம்பு இழைகளைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு நடந்துபோகுமாம். செல்லின் மேற்பரப்பில் ரிசப்டர் என்ற வாங்கிகள் உண்டு. வழியில் கிடைக்கும் ரசாயனச் சைகைகளை அவை வாங்கி, இப்படிப் போ, இங்கே நில் என்று செல்லுக்குச் சொல்லும். ரிசப்டர் பழுதானால் மோப்ப இழைகளும் மூளைவரை வளராது, செல்களின் பயணமும் பாதியில் நின்றுவிடும். வாலிபத்தைத் தொடங்கிவைக்கும் உத்தரவு மூளையிலிருந்து வர வேண்டும். அதைக் கொடுப்பது அந்தச் செல்கள்தான். மோப்பமும் மீசையும் சேர்ந்தே வராமல் போனது இதனால்தான்.

"ஊசி போட்டா மீசை வரும், குரல் உடையும். ஆனா மோப்பம் வராது" என்றார் டாக்டரம்மா.

மீசையின் காதில் முதல் பாதி மட்டுமே விழுந்தது. "மீசை வருமா?" என்று மூன்று தடவை கேட்டார்.

மறுநாளிலிருந்து தெருவில் பாடம் ஆரம்பமானது. "கப்பல் கெளம்பியாச்சு அண்ணாச்சி. ஆனா ரேடியோ அவுட்டு. தொறமுகத்துக்குள்ள வழிகாட்டுத பைலட் கூப்புடுதது கேக்கல. நாப்பத்திரண்டு வருஷமா மூக்குக்கு வெளிய நங்கூரம் போட்டு நிக்குது." கேட்டவர்களுக்குப் புரியவில்லை என்று கிட்டங்கியிலிருந்து டீக்கடைவரை குறுக்கே கயிறு கட்டினார். சுமைதூக்குபவர்கள் செல்கள். டீக்கடையில் மணி அடித்தால் கயிற்றைப் பிடித்து நடக்க வேண்டும். பழுதான செல்லாக அவரே காதில் பஞ்சு வைத்து, கண்ணை மூடி நடுரோட்டில் நின்றார். கன்டெய்னர் லாரி ஒன்று மூக்குக்கு முன்னால் வந்து அலறியது. அவர் அசையவில்லை.

ரோஸ்மேரிதான் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். பெரியதாழை ஊர்க்காரி. தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தான் தனியாக நின்றவள். செவ்வாய்தோறும் சில்லறை வியாபாரத்துக்குக் கருவாடு வாங்க வருவாள். செவ்வாய் மட்டும் மீசை இஸ்திரி போட்ட சட்டை அணிவதும், நல்ல நெத்திலியைத் தனியே எடுத்துவைப்பதும் என் குறிப்பில் பல வருஷமாக இருக்கின்றன. அவளிடம் மனசைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதாகக் குறிப்பு இல்லை.

"கிறுக்கு புடிச்சிருச்சா அண்ணாச்சி? சாவணுமா?"

"ஏளா, இது சிக்னல் கேக்காத செல்லு."

"கேக்கலன்னா கையப் புடிச்சுத்தான் கூட்டிட்டுப் போணும். வாரும்!"

ஊசி தொடங்கிச் சில மாதங்களில் குரல் உடைந்தது. லாரிக்காரனைக் கூப்பிட ஆரம்பித்தால் முதல் பாதி கோழியாகவும் மறு பாதி கப்பல் சங்காகவும் வரும். பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. நெத்திலி வாங்க வந்த ரோஸ்மேரி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"மூக்குக்குக் கீழ என்ன அண்ணாச்சி அழுக்கு?" என்று முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. மொத்தக் கிட்டங்கியும் கூடிவிட்டது. நான் எண்ணியது அப்போதுதான்.

கூட்டம் கலைந்ததும் மீசை அவளிடம் தலை குனிந்து சொன்னார். "இது தானா வந்தது இல்ல ரோஸ்மேரி. ஊசி போட்டு வந்தது. எனக்கு மணமும் தெரியாது, இனிமேலும் தெரியாது. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, இந்த ஆளு சரிப்படுமான்னு சொல்லு."

அவள் நெத்திலிப் பையை இறுக்கிக் கட்டினாள். அவிழ்த்தாள். மறுபடியும் கட்டினாள்.

"கருவாட்டு வாடை அடிக்குதவள எவன் கட்டுவான்னு எங்கம்மா நித்தம் கேக்கா. வாடையே தெரியாத ஆளு ஒருத்தன் இருக்கான்னு போயிச் சொல்லுதேன்" என்றாள். படியிறங்கும்போது, "வாரேன் மீசை" என்றாள். அவள் 'அண்ணாச்சி' என்று சொல்லாத முதல் செவ்வாய். அதையும் எழுதிவைத்தேன்.

கல்யாணத்தன்று மாதா கோயிலில், பூ முடித்த ரோஸ்மேரி பக்கத்தில் மண்டியிட்டிருந்த மீசை எழுந்து வந்து என் காதில் கிசுகிசுத்தார். "மணக்குதுவே."

"என்ன மணம்?"

ரோஸ்மேரியைத் திரும்பிப் பார்த்தார். "செவ்வாக்கெழம மாதிரி."

டாக்டரம்மாவிடம் விசாரித்தேன். வாய்ப்பே இல்லை என்றார். மீசையிடம் திரும்பக் கேட்டால், இப்போது அடர்ந்துவிட்ட அதை முறுக்கிக்கொண்டு சிரிக்கிறார். நாட்குறிப்பில் அந்தக் கல்யாண நாள் பக்கத்தில், அவர் சொன்னதற்குக் கீழே "உறுதி செய்யப்படவில்லை" என்றுதான் எழுதியிருக்கிறேன். அவர் சொன்ன வரியை அடித்துவிட மட்டும் கை வரவில்லை.