முப்பது டிங்

"டிங்" என்று கேட்டதும் ராகவன் போர்வைக்குள்ளேயே கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். பிறகு வரிசையாக டிங், டிங், டிங். கூடவே கீழே கம்ப்ரஸர் தடதடவென்று ஆரம்பித்தது. இன்னும் பால் பாக்கெட்கூட வரவில்லை.

"உங்க கம்பம் எழுந்துடுச்சு," என்றாள் அவன் மனைவி எழிலரசி, சமையலறையிலிருந்து. "அடுத்து செகரட்டரி வருவாங்க. சட்டையப் போட்டுக்கோங்க."

கம்பம் என்று அவள் இளப்பமாகச் சொன்னது, பழைய காலத்துப் பெட்ரோல் பங்குகளில் நின்ற காற்றடிக்கும் கம்பம். ஆளுயரம், சிவப்பு நிறம், தலையில் கடிகாரம் மாதிரி ஒரு கண்ணாடி வட்டம், இடுப்பில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றி முள்ளை முப்பதில் நிறுத்தி, ஹோஸை டயரில் பொருத்தினால் முப்பது பவுண்டு காற்று. சென்னீர்குப்பத்தில் யூசுப் பாயின் காயலான் கடையில் துருவும் கரப்பானுமாகக் கிடந்ததை ராகவன் கொண்டுவந்து, ஆபீஸ் லீவு நாளையெல்லாம் அதற்கே தாரை வார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து, பாரிவாக்கம் ஃபிளாட்டின் பார்க்கிங்கில் நட்டு, காற்று கொடுக்கப் பக்கத்தில் ஒரு மின்சாரக் கம்ப்ரஸரையும் வைத்துவிட்டான். ஃபிளாட்டில் யார் வேண்டுமானாலும் வந்து வண்டிக்கு அடித்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு விஷயம்தான் சரியாக வரவில்லை. டயருக்குள் காற்று இறங்க இறங்க அடிக்க வேண்டிய மணி, என்ன செய்தும் அடிக்கவில்லை. கடைசியில் வெறுத்துப்போய் மணியின் நாக்கைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டான். கைப்பிடியைச் சுற்றினால் எண்ணுக்கு ஒரு டிங். மணி அடித்தால் போதாதா? எதற்கு அடிக்கிறது என்று யார் கேட்கப்போகிறார்கள்!

இத்தனையும் எதற்கு? அவனுடைய அறுபத்துநாலாம் வருஷத்து ஃபியட்டுக்காக. அதுவோ நாலு சக்கரத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டுச் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. அது என்றைக்குக் கீழே இறங்குகிறதோ, அன்றைக்கு அதன் காலத்து சர்வீஸ் சாமான்கள் எல்லாம் அதைச் சுற்றித் தயாராக நிற்க வேண்டும் என்பது ராகவனின் கனவு. அந்தக் கனவின் மிச்சப் பகுதிகள், அதாவது ஒரு தள்ளுவண்டி ஜாக்கி கட்டிலுக்கடியிலும், ஒரு கிரீஸ் பம்பு அரிசி டிரம்முக்குப் பக்கத்திலும் இருந்தன.

காலிங் பெல் அடித்தது. ஃபிளாட் அசோசியேஷன் செகரட்டரி தாட்சாயிணி தலையில் துண்டோடு நின்றாள்.

"ராகவன் சார், உங்க கம்ப்ரஸர் என் பெட்ரூமுக்கு நேர் கீழ ஓடுது. கட்டிலே ஆடுது."

"சாரி மேடம்."

"மணி வேற. எங்க அத்தை தீபாராதனைன்னு நினைச்சு, எழுந்து கைகூப்பி நிக்கறாங்க. முப்பது தடவை கன்னத்துல போட்டுக்கறாங்க, பாவம்."

"இன்னிக்கே சரி பண்ணிடறேன் மேடம்."

"ஞாயித்துக்கிழமை மீட்டிங். அதுக்குள்ள இது அடங்கலேன்னா யூசுப் பாயை வரச் சொல்லிடுவேன். எங்கிருந்து வந்துச்சோ அங்கயே போகட்டும்."

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் எழிலரசி இடுப்பில் கை வைத்து நின்றாள். "நானும் சொல்லிடறேன். அந்தக் கம்பம் போச்சுன்னா, அதே வண்டியில ஜாக்கியும் போகும், கிரீஸ் பம்பும் போகும். மனுஷி அரிசி எடுக்கப் போனா முழங்கை வரைக்கும் மசி!"

ராகவன் கம்பத்திடம் ஓடினான். யோசித்து, மணிக்குள் தன் ஆபீஸ் சாக்ஸைத் திணித்தான். மணி அடங்கிவிட்டது. ஆகா, இவ்வளவுதானே என்று நிம்மதியாக லேப்டாப்பைத் திறந்தான்.

சாயங்காலம் மூன்றாவது மாடி இஸ்மாயில் பாய் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க வந்தார். ஹோஸை டயரில் பொருத்திவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினார், டிங் கேட்கவில்லை. மெஷின் மக்கர் பண்ணுகிறது போலும் என்று இன்னும் சுற்றினார். அப்போதும் கேட்கவில்லை. மனிதர் பொறுமைசாலி. கேட்கிற வரைக்கும் சுற்றுவோம் என்று சுற்றிக்கொண்டே இருந்தார்.

டமார்!

பார்க்கிங்கில் இருந்த கார்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் அலாரம் அடித்தன. தாட்சாயிணியின் அத்தை மாடியில் நின்று மறுபடி கைகூப்பினாள். இஸ்மாயில் பாய் கிழிந்த டியூபைத் தூக்கிக்கொண்டு வந்து, "ராகவன் சார், எனக்கு ஒண்ணும் ஆகல. ஆனா காது ரெண்டும் ஊருக்குப் போயிடுச்சு," என்றார்.

புது டியூப் வாங்கிக் கொடுத்துவிட்டு, ராகவன் சாக்ஸை உருவினான். மணி இருக்கட்டும், கம்ப்ரஸரை ஒழித்துக் கட்டுவோம் என்று முடிவு செய்தான். கட்டடத்தின் பின்பக்கம், வாட்ச்மேன் ஏகாம்பரத்தின் அறை இருந்தது.

"ஏகாம்பரம், இதை உன் ரூம்ல வெச்சுக்கலாமா?"

"வெச்சிக்க சார், இன்னா இப்போ. நான் ஒண்டி ஆளு தான."

இருவரும் கம்ப்ரஸரைத் தள்ளிக்கொண்டு போய், அடியில் ரப்பர் பட்டை கொடுத்து வைத்தார்கள். ராகவன் கம்பத்தையும் கம்ப்ரஸரையும் இணைக்கிற ஹோஸைச் சுவரோரமாக இழுத்து, அதன் முனையை ஜன்னல் வழியாக அறைக்குள் விட்டான். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன். மேனேஜர்.

"ஏகாம்பரம், ஹோஸைப் பொருத்தி, ப்ளக்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டுடு. முக்கியமா கதவைச் சாத்தியே வை. சத்தம் வெளிய வரக்கூடாது."

"வராது சார். நீ போன பேசு, நான் பாத்துக்கறேன்."

சத்தியமாகச் சத்தம் வரவில்லை. மறுநாள் காலை டிங் டிங் என்று மணி கேட்டது; கம்ப்ரஸர் மூச்சு விடவில்லை. ராகவன் பால்கனியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். தடதட இல்லை, கடகட இல்லை. கம்ப்ரஸருக்கு அடியில் தான் வைத்த ரப்பர் பட்டையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

"பாத்தியா? இதுக்குப் பேருதான் வேலை," என்றான் மனைவியிடம்.

"ஞாயித்துக்கிழமை வரட்டும்," என்றாள் அவள்.

ஆனால் சத்தம் போனதும் கூட்டம் வந்தது. ஆரம்பித்து வைத்தவர் இஸ்மாயில் பாய்தான். இந்த முறை காரைக் கொண்டுவந்தார். அளவாக முப்பது டிங் சுற்றி, ஹோஸை வைத்தார். புஸ்ஸென்று சத்தம் வந்தது. நாலு டயருக்கும் அடித்துக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு வந்தவர், முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினார்.

"சார், வெள்ளானூர் ரோட்டுல போயிட்டு வரேன். ஒரு பள்ளம் தெரியல! வண்டி மெத்து மெத்துனு போகுது. பங்க்ல அடிக்கிற காத்தெல்லாம் காத்தா சார்? கல்லு!"

"நிஜமாவா பாய்?"

"ஸ்டியரிங் மட்டும் கொஞ்சம் கனமா இருக்கு. அந்தக் கால மெஷின் இல்லையா, அந்தக் கால கார் மாதிரியே ஆக்கிடுச்சு."

அவ்வளவுதான். மறுநாள் ஃபிளாட்டே வரிசையில் நின்றது. ஒரு தடவை அடித்தவர்கள் அடுத்த நாளும் வந்தார்கள். அடிக்க அடிக்க இன்னும் மெத்தென்று ஆகிறதாம். பக்கத்து ஃபிளாட்காரர்கள் வந்தார்கள். தண்ணீர் கேன் வண்டி வந்தது. யார் முதலில் என்று சண்டை வந்தது. வரிசை கேட்டைத் தாண்டிப் போக, வெளியே எடுக்க முடியாமல் தாட்சாயிணியின் கார் உள்ளேயே மாட்டிக்கொண்டது. அவள் கண்ணாடியை இறக்கி ராகவனை ஒரு பார்வை பார்த்தாள்.

ராகவன் அன்றே கைப்பிடியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தான். விளைவு, கீழே அடித்த மணிக்குப் பதிலாக மேலே காலிங் பெல் அடித்தது.

"சார், கைப்பிடி?"

"சார், ஒரே நிமிஷம், கைப்பிடி?"

வந்தவர்களுக்குக் காபி போட்டே எழிலரசி ஓய்ந்துபோனாள். "இன்னும் ஒருத்தர் கைப்பிடின்னு வந்தாங்க, அதாலயே ஒண்ணு வெப்பேன். யாருக்குன்னு கேக்காதீங்க," என்றாள்.

ராகவன் கைப்பிடியை எடுத்துக்கொண்டு நேராக தாட்சாயிணி வீட்டுக்குப் போனான். "மேடம், இது உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க விட்டா உண்டு, இல்லேன்னா இல்ல." அவள் சிரிக்காமல் வாங்கிக்கொண்டாள்.

"போச்சு," என்றாள் எழிலரசி. "எதிரி கையில அருவாளக் குடுத்துட்டு வந்து நிக்கறீங்க. உங்களுக்கெல்லாம் ஐடில எப்படித்தான் வேலை குடுத்தாங்களோ!"

ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டுக்கு வெளியே யூசுப் பாயின் குட்டியானை வண்டி வந்து நின்றது. ராகவன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். கட்டிலுக்கடியில் குனிந்து, ஜாக்கியை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு மீட்டிங்குக்கு இறங்கினான்.

பார்க்கிங்கில் எல்லாரும் கூடியிருந்தார்கள். மீட்டிங் முடிந்ததும் குடும்பம் குடும்பமாகப் பூண்டி ஏரிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. எட்டுக் கார்கள், புளிசாத மூட்டைகள், இஸ்மாயில் பாய் வீட்டு பிரியாணி அண்டா எல்லாம் தயாராக இருந்தன.

தாட்சாயிணி கையில் கைப்பிடியோடு எழுந்தாள். "இந்தக் கம்பத்தைத் தூக்கணும்னு சொன்னது நான்தான்," என்று ஆரம்பித்தாள். ராகவன் தரையைப் பார்த்தான்.

"கைப்பிடி என் கையில இருக்கேன்னு நானும் என் காருக்கு அடிச்சுப் பாத்தேன். தினமும் அடிச்சேன். எங்க அத்தைக்கு எத்தனை வருஷத்து இடுப்பு வலி, உங்க எல்லாருக்கும் தெரியும். நேத்து ஆவடி போயிட்டு வந்தோம். தொட்டில்ல வெச்சு ஆட்டின மாதிரி இருந்துச்சுன்னு சொல்லி அழுதுட்டாங்க."

அத்தை தலையாட்டி, கம்பத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இது இங்கயேதான் இருக்கும். யூசுப் பாய், நீங்க போகலாம்."

கைதட்டல் காதைப் பிளந்தது. ராகவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழிலரசிகூட அவன் தோளைத் தட்டி, "பரவாயில்லயே," என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை.

"பூண்டி வரைக்கும் போறோம், எல்லா வண்டிக்கும் நல்லா ஒரு தடவை அடிச்சுக்குவோம்!" என்றார் இஸ்மாயில் பாய்.

தாட்சாயிணியே நின்று சுற்றினாள். ஒவ்வொரு காருக்கும் முப்பது டிங். ஒவ்வொரு டயருக்கும் ஒரு புஸ். எட்டுக் கார்களும் மெத்து மெத்தென்று அசைந்துகொண்டே கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பின. ராகவன் கடைசிக் கார் மறைகிற வரைக்கும் கையசைத்தான். அவன் ஃபியட்தான் செங்கல் மேல் இருக்கிறதே, அவன் எங்கே போவது?

பின்பக்கம் போய் ஏகாம்பரத்தின் அறைக் கதவைத் தட்டினான். மனம் நிறைந்திருந்தது. யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது.

"ஏகாம்பரம், பாவம் அந்தக் கம்ப்ரஸர், இத்தனை நாளா சத்தமே இல்லாம உழைச்சிருக்கு. கதவைத் திற, கொஞ்சம் எண்ணெய் விட்டு ரெஸ்ட் குடுப்போம்."

ஏகாம்பரம் கையில் சோற்றுத் தட்டோடு கதவைத் திறந்தான்.

"கம்ப்ரஸரா? அத்த இன்னும் மாட்டவே இல்லியே சார், கீற ஒரே ப்ளக்குல என் சோத்து குக்கருதான ஓடுது... ஆனா ஒண்ணு சார், அங்க நீங்க டிங்கு டிங்குனு அடிக்க சொல்லோ, இந்த ஓஸு வழியா ரூமுக்குள்ள சில்லுனு காத்து வருது பாரு, ஃபேனே வாணாம்!"